மாஸ்டரின் அறுநூறு

ஸ்போர்ட்ஸ் பைக் ஓட்டுகிறவர்கள் போட்டுக்கொள்ளும் தோல் சூட்டை ஆணியில் மாட்டிப் பார்த்தால், யாரோ எதையோ தொலைத்துவிட்டுக் குனிந்து தேடுவது போல இருக்கும். கைகள் இரண்டும் முன்னால் வளைந்திருக்கும். முதுகு ஒரு சாண் அதிகமாக இருக்கும். முழங்காலுக்குப் பின்னால் தோலே இருக்காது, இழுத்தால் நீளும் பட்டைத் துணிதான். அதைப் போட்டுக்கொண்டு ஆள் நின்றால் பார்க்கச் சகிக்காது. வண்டியில் ஏறி டேங்கின் மேல் குனிந்துவிட்டால் ஒரு சுருக்கம் இருக்காது. அது நிற்கிற ஆளுக்கு வெட்டியது இல்லை, உட்கார்ந்திருக்கிற ஆளுக்கு வெட்டியது.

இந்த வெட்டில் அந்த ஊரில் மாஸ்டரை மிஞ்ச ஆள் கிடையாது. கடைக்குள் நுழைந்ததும் கண்ணில் படுவது ஒரு மரக்குதிரை. நான்கு கால், மேலே பலகை, முன்னால் பழைய பைக்கிலிருந்து கழற்றிய ஒரு ஹேண்டில், பக்கவாட்டில் கால் வைக்க இரண்டு கட்டைகள். வாடிக்கையாளரை அதில் ஏற்றிக் குனியவைத்துத்தான் மாஸ்டர் டேப்பையே எடுப்பார். ஒவ்வொரு மாதிரியையும் முதலில் தானே போட்டுக்கொண்டு அதில் ஏறி, இடது பக்கம் சாய்ந்து, வலது பக்கம் சாய்ந்து, எங்கே பிடிக்கிறது என்று பார்ப்பார். இருபது வருஷத்தில் அந்தப் பலகை அவருக்கு ஏற்றபடி குழிந்தே போயிருந்தது.

கடையின் இன்னொரு விசேஷம், லேபிள் டப்பா. அது அவர் மனைவியின் பொறுப்பு. அளவு எடுப்பவர் மாஸ்டர். கழுத்துக்குப் பின்னால் இடுப்பு அளவு எழுதிய லேபிளைத் தைப்பவள் அவள். லேபிளின் நான்கு மூலைகளையும் சின்னக் கத்தரியால் அரை வட்டமாக நறுக்கிவிடுவாள், பிடரியில் குத்தாமல் இருக்க. வாடிக்கையாளர்களில் பாதிப் பேர் டேப் என்ன சொன்னாலும், "முப்பத்தாறுன்னு போட்டுடுங்க மாஸ்டர்" என்பார்கள். மாஸ்டரும் நாற்பத்திரண்டுக்கு வெட்டி, முப்பத்தாறு என்று போட்டுக் கொடுத்துவிடுவார். சூட் உடம்புக்குச் சரியாக இருக்கும், எண் மனசுக்குச் சரியாக இருக்கும். டப்பாவில் நாற்பதுக்கு மேல் எண் போட்ட லேபிள்கள் வாங்கிய நாள் போலப் புதுசாகவே கிடந்தன.

எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது, ஒரே ஒரு சொல்லைத் தவிர.

பல வருஷம் முன்பு ஒரு வாடிக்கையாளர், "இவ்வளவு கச்சிதமா தைக்கிறீங்களே, நீங்களும் ஸ்போர்ட்ஸ் பைக் ஓட்டுவீங்களா?" என்று கேட்டார். வாயில் ஊசியைக் கவ்வியிருந்த மாஸ்டர், "பின்னே?" என்று சொல்லிவிட்டார். அவ்வளவுதான். அந்த 'பின்னே' ஊரெல்லாம் சுற்றியது. 'ஓட்டுறவர் தைக்கிற சூட்' என்று சொல்லிச் சொல்லியே ஆட்கள் வந்தார்கள். உண்மையில் மாஸ்டர் ஓட்டியது, நூல்கண்டும் தோல் சுருளும் ஏற்றிவர வைத்திருந்த நூறு சிசி வண்டி மட்டும்தான். அதுவும் மூன்றாம் கியருக்கு மேல் போனால் அவருக்கே ஏதோ தப்புச் செய்வது போல இருக்கும்.

வருஷாவருஷம் பைக் சங்கத்தார் மலைப் பாதை சவாரிக்கு அவரைக் கூப்பிடுவார்கள். ஒரு வருஷம் முதுகுவலி, ஒரு வருஷம் மனைவி வழியில் கல்யாணம், அடுத்த வருஷம் மறுபடி முதுகுவலி. இந்த வருஷம் ஆயிரம் சிசிக்காரர் ஒருவர் விடவில்லை. ஆயிரம் சிசி என்றால் ஒரு லிட்டர் என்பதால், எல்லோரும் அவரை 'லிட்டர்' என்றே கூப்பிடுவார்கள்.

"மாஸ்டர், உங்க வண்டிய நான் கண்ணால பாத்ததே இல்லியே? இருக்கா, இல்லியா?"

"வித்துட்டேன். வேற ஒண்ணு பாத்துக்கிட்டிருக்கேன்."

"அப்ப சரி. இன்னும் மூணு வாரம் இருக்கு. புது வண்டியோட வர்றீங்க. வரலைன்னா கடைக்கு வந்து தூக்கிட்டுப் போவோம்."

அன்று மாஸ்டர் ஒரு காலர்ப் பட்டையைத் தலைகீழாகத் தைத்தார். இருபது வருஷத்தில் முதல் தடவை.

"போகலைன்னா என்ன?" என்றாள் மனைவி.

"ஓட்டத் தெரியாதவன் தைச்ச சூட்ட நம்பி எவன் மலையில சாய்வான்? கடையைப் பூட்டிட்டுப் பொத்தான் தைக்கத்தான் போகணும்."

"அப்ப ஒரு வண்டி வாங்குங்க. ஆனா உங்களுக்கு ஏத்ததா வாங்குங்க."

"எனக்கு ஏத்தது ஆயிரந்தான். இத்தனை வருஷ அனுபவத்துக்கு அதுக்குக் கீழ வாங்கினா சிரிப்பாங்க."

"எந்த அனுபவம்?"

மாஸ்டர் மரக்குதிரையைப் பார்த்தார்.

பழைய ஸ்போர்ட்ஸ் பைக் விற்பவர் பெரிய தகரக் கொட்டகை ஒன்றை வைத்திருந்தார். மாஸ்டரின் பழைய வாடிக்கையாளர், உருண்டையான ஆள், அவர் சூட்டிலும் முப்பத்தாறு என்றுதான் இருந்தது. மாஸ்டரும் மனைவியும் போனபோது, ஒரு வண்டியின் ஹேண்டிலை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"வாங்க மாஸ்டர், வாங்கக்கா. பழைய வண்டி பொய் சொல்லும். ஆனா எல்லா இடத்துலயும் சொல்லத் தெரியாது. பாருங்க, பெயின்ட் பளபளன்னு இருக்கு. பிரேக் லீவரோட நுனி தேஞ்சிருக்கு. கால் வைக்கிற கம்பியோட நுனியும் அதே பக்கம் தேஞ்சிருக்கு. அப்ப அந்தப் பக்கமா விழுந்திருக்கு. ஹேண்டில முழுசாத் திருப்பினா ஒரு இடத்துல முட்டும் பாருங்க, அங்க பள்ளம் இருந்தா விழுந்த வேகம் பெரிசு. பெயின்ட் அடிக்கிறவன் அங்கெல்லாம் போக மாட்டான்."

மாஸ்டருக்கு அவர் பேச்சு பிடித்திருந்தது. தையலைப் பார்க்க வேண்டுமென்றால் உள்பக்கத்தைத் திருப்பு என்று அவரும் சொல்வார். ஆனாலும் தொண்டையைச் செருமிக்கொண்டு, "எனக்கு ஒரு ஆயிரம் வேணும்," என்றார்.

கடைக்காரர் அவரை மேலிருந்து கீழாக ஒரு பார்வை பார்த்தார். "எடுத்துக்கலாம். முதல்ல நம்ம பரீட்சை."

கொட்டகைக்குப் பின்னால் காலி இடம். இருபது அடி இடைவெளியில் இரண்டு பழைய டயர்கள் கிடந்தன. வண்டி வாங்க வந்த யாராக இருந்தாலும், அவற்றைச் சுற்றி எட்டுப் போட வேண்டும். அதுவும் பக்கத்தில் ஒருவர் நடந்து வரும் வேகத்தில், காலை ஊன்றாமல்.

"இவ்வளவு மெதுவாவா?" என்றார் மாஸ்டர்.

"வேகமாப் போறது வண்டியோட வேலை மாஸ்டர். மெதுவாப் போறதுதான் ஆளோட வேலை."

மாஸ்டர் ஆயிரத்தின் மேல் ஏறினார். உட்கார்ந்த விதம் அற்புதம்! முதுகு, முழங்கை, கழுத்து எல்லாம் அளவெடுத்து வைத்தது போல. கடைக்காரரே ஒரு நிமிஷம் ஏமாந்துபோனார். மாஸ்டர் கிளட்சை விட்டார். வண்டி ஒரு எகிறு எகிறியது. பயந்து பிரேக்கைப் பிடித்தார். என்ஜின் அணைந்தது. அப்புறம் நடந்ததை விழுந்தார் என்று சொல்ல முடியாது. இருநூறு கிலோ வண்டி, தூங்கப் போகிற குழந்தை போல, மெள்ள மெள்ள இடது பக்கம் சாய்ந்தது. மாஸ்டர் பல்லைக் கடித்துக்கொண்டு தாங்கினார். தாங்கிக்கொண்டே அதோடு சேர்ந்து தரைக்கு வந்து சேர்ந்தார். அந்தப் பக்கம் ஒரு பழைய மெத்தை போடப்பட்டிருந்ததை அப்போதுதான் கவனித்தார்.

"எல்லாரும் இடது பக்கந்தான் சாய்ப்பாங்க," என்றார் கடைக்காரர் மரியாதையாக.

மூவரும் சேர்ந்து வண்டியைத் தூக்கி நிறுத்தினார்கள். கடைக்காரர் விளக்கத் தொடங்கினார். அவருக்கு விளக்குவதென்றால் கொள்ளை ஆசை.

"இதுல இருநூறு குதிரை சக்தி இருக்கு மாஸ்டர். முதல் கியர்லயே நூத்தி நாப்பதுல போகும். உங்க சின்ன வண்டியில கைப்பிடிய அரை அங்குலம் கூடுதலா முறுக்கிட்டா என்ன ஆகும்? கொஞ்சம் குலுங்கும். இதுல அதே அரை அங்குலம் உங்கள அடுத்த தெருவுல கொண்டு போய்ப் போட்டுடும். தப்பு பண்ணித்தான் எல்லாரும் கத்துக்கிறோம். தப்ப மன்னிக்கிற வண்டியில கத்துக்கணும். முந்நூறு சிசி ஒண்ணு எடுங்க, ஒரு வருஷம் ஓட்டுங்க, அப்புறம் அறுநூறு. படிப்படியா வருவோம்."

"முந்நூறா?" மாஸ்டருக்கு முகம் சிவந்தது. "என்னைப் பாத்தா முந்நூறு மாதிரியா இருக்கு? சரி, ஆயிரம் வேணாம். அறுநூறு குடுங்க. அதுக்குக் கீழ ஒரு சிசி இறங்க மாட்டேன்."

சொல்லிவிட்டுக் கை கழுவப் போனார். குழாயடியிலிருந்து திரும்பிவந்தபோது, மனைவியும் கடைக்காரரும் ஏதோ மும்முரமாகப் பேசிக்கொண்டிருந்து சட்டென்று நிறுத்தினார்கள்.

"புதன்கிழமை வாங்க மாஸ்டர்," என்றார் கடைக்காரர். "அருமையான அறுநூறு ஒண்ணு வருது."

புதன்கிழமை வந்தது. சிவப்பு நிறம், கூரிய மூக்கு, இரண்டு பக்கமும் பளிச்சென்று 600. மாஸ்டர் ஏறி உட்கார்ந்தார். பாதம் இரண்டும் தரையில் முழுசாகப் பதிந்தன. கிளட்சை விட்டார், வண்டி சொன்னபடி கேட்டது. முதல் தடவை காலை ஊன்றினார், இரண்டாம் தடவையும் ஊன்றினார், ஏழாம் தடவை எட்டுப் போட்டார். இறங்கியபோது கண் கலங்கியிருந்தது.

"பாத்தியா? அறுநூறு! என் கைக்கு எப்படி அடங்குது பாத்தியா?"

"பாத்தேன், பாத்தேன்," என்றாள் மனைவி. வண்டிக் காகிதங்களை வாங்கித் தன் பைக்குள் வைத்துக்கொண்டாள். வீட்டில் காகிதம் எதுவானாலும் அவள் பீரோவுக்குத்தான் போகும், மாஸ்டர் கையில் கொடுத்தால் அதன் மேல் அளவு குறித்துவிடுவார் என்பதால்.

அடுத்த இரண்டு வாரமும் காலையில் ஒரு மணி நேரம், மாலையில் ஒரு மணி நேரம் ஓட்டிப் பழகினார். காலையில் எட்டுப் போடுவது, மாலையில் வளைவில் திரும்புவது. பிரேக்கை ஒரேயடியாகப் பிடிக்காமல் பிழிவது போலப் பிடிக்க வேண்டும் என்று கடைக்காரர் சொல்லிக் கொடுத்தார். ஈரத்துணியைப் பிழிவது போல என்று மாஸ்டர் புரிந்துகொண்டார். பெட்ரோல் போடுமிடத்தில் பெருமை பிடிபடவில்லை.

"அறுநூறு சிசி, லிட்டருக்கு முப்பது குடுக்குது! எல்லாம் கைப்பக்குவம்."

பெட்ரோல் போடுகிறவர் வண்டியையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார். "எனக்குத் தெரிஞ்சு எந்த அறுநூறும் இருபத தாண்டினதில்ல சார்."

"அவங்க ஓட்டுற விதம் அப்படி," என்றார் மாஸ்டர்.

சவாரிக்கு முந்தின நாள் மத்தியானம், வண்டிக்கு ஒரு பின்சீட்டு உறை தைக்கலாமென்று ஆசை வந்தது. அதே கம்பெனி அறுநூறு வைத்திருந்த ஒரு வாடிக்கையாளருக்குப் போன வருஷம் உறை தைக்க வெட்டிய மாதிரி அட்டை கடையில் இருந்தது. எடுத்துவந்து சீட்டின் மேல் வைத்தார். அப்பா சட்டையைப் போட்டுக்கொண்ட பிள்ளை போல இருந்தது.

முதலில் அவருக்குத் தன் மேல்தான் சந்தேகம் வந்தது. 'நானா தப்பா வெட்டினேன்?' தூக்கமே போய்விடும் அந்த நினைப்பில் டேப்பை எடுத்தார். சீட்டை அளந்தார். பிறகு பின் டயரை அளந்தார். அளவு குறிக்கும் நோட்டில் அந்த வாடிக்கையாளர் வண்டியின் டயர் அகலம் நூற்றெண்பது மில்லிமீட்டர் என்று இருந்தது. இது நூற்றுநாற்பது. முன்னால் வந்து குனிந்து பார்த்தார். நோட்டில் அந்த வண்டிக்குப் படம் போட்டிருந்தார்: முன் சக்கரத்தில் இரண்டு பக்கமும் பிரேக் தட்டு. இதில் ஒரே ஒரு தட்டு.

கடைசியாக, பக்கவாட்டில் இருந்த எண்ணுக்கு முகத்தைக் கொண்டுபோனார். இரண்டு பூஜ்யமும் கம்பெனி போட்டவை. ஆறு மட்டும் ஒரு நூலளவு தடிப்பாக, ஒரு சின்னச் சதுரத்தின் மேல் ஒட்டியிருந்தது. அந்தச் சதுரத்தின் நான்கு மூலைகளும் அரை வட்டமாக நறுக்கப்பட்டிருந்தன.

உலகத்தில் ஒரே ஒரு கத்தரிதான் அப்படி நறுக்கும்.

மனைவி உள்ளே ஜிப் தைத்துக்கொண்டிருந்தாள். மாஸ்டர் வாசற்படியில் நின்றார்.

"முந்நூறா?"

மெஷின் நின்றது. "கண்டுபிடிச்சிட்டீங்களா? இன்னும் ஒரு மாசம் தாங்கும்னு நெனச்சேன்."

"என்னை ஏமாத்திட்டியே!"

"நீங்க எத்தனை பேருக்கு முப்பத்தாறு போட்டிருக்கீங்க?"

"அது கஸ்டமருக்கு."

"அன்னிக்கு நீங்களும் கஸ்டமர்தான். அந்த வண்டிக் கடைத் தம்பி என்கிட்ட கேட்டாரு, 'அக்கா, என் இடுப்பு உண்மையில என்ன?'ன்னு. நாப்பத்தினாலுன்னேன். 'தெரியும்க்கா. ஆனா அந்த முப்பத்தாற பாத்தாத்தான் அந்த சூட்டப் போடவே மனசு வருது'ன்னாரு. அங்கதான் யோசனை வந்துச்சு. உடம்புக்கு ஏத்தத வெட்டிக் குடுத்து, கேட்ட நம்பர ஒட்டிட்டோம். நீங்க சொல்லிக் குடுத்த தொழில்தானே?"

மாஸ்டர் மரக்குதிரையில் போய் உட்கார்ந்தார். கோபப்பட எவ்வளவோ முயன்றும், இரண்டு வாரமாகத் தன்னை ஒரு தடவைகூடக் கீழே போடாத அந்தச் சிவப்பு வண்டி மேல் கோபம் வரவில்லை.

"நாளைக்கு லிட்டர் பாத்தா ஒரு நிமிஷத்துல கண்டுபிடிச்சிடுவார். இருபது வருஷப் பேரு, போச்சு."

"சும்மா இருங்க. காத்துல பிஞ்சா ஒட்டிக்கலாம்னு ரெண்டு ஆறு கூடுதலா வெட்டி வச்சிருக்கேன்."

மறுநாள் காலையில் ஏழு வண்டிகள் கிளம்பின. மாஸ்டர் பையில் இரண்டு ஆறுகளும் இருந்தன. லிட்டர் முன்னால் போனார், மாஸ்டர் அவருக்குப் பின்னால், வண்டிக் கடைக்காரர் கடைசியில்.

நேர்சாலையில் லிட்டரைப் பிடிக்க முடியவில்லை. பெரிய சத்தம் ஒன்று கேட்கும், ஆள் புள்ளியாகிவிடுவார். மலை தொடங்கியதும் கதை மாறியது. லிட்டர் ஒவ்வொரு வளைவுக்கு முன்னாலும் பிரேக்கைப் போட்டு, தயங்கி, திரும்பி, மறுபடி சீறுவார். மாஸ்டருக்குச் சீறவும் வழியில்லை, அதனால் அவ்வளவாகப் பிரேக் போடவும் தேவையில்லை. தோலை வெட்டும்போது கத்தரியை நிறுத்தி நிறுத்தி வெட்டினால் ஓரம் பல்லுப் பல்லாக வரும்; வளைவை முழுசாகப் பார்த்துக்கொண்டு ஒரே ஓட்டமாக வெட்ட வேண்டும். சாலையையும் அவர் அப்படியே வெட்டினார். ஒவ்வொரு வளைவு முடிவிலும் லிட்டரின் பின்விளக்கு அவர் மூக்குக்கு முன்னால் இருந்தது. ஹெல்மெட்டுக்குள் தான் பாடிக்கொண்டிருப்பது கொஞ்ச நேரம் கழித்துத்தான் அவருக்கே தெரிந்தது.

மேலே காப்பிக் கடை ஒன்றில் நிறுத்தினார்கள். லிட்டர் ஹெல்மெட்டைக் கழற்றியதும் நேராக மாஸ்டர் வண்டியிடம் வந்தார்.

"பிரமாதம் மாஸ்டர்! ஒட்டிக்கிட்டே வந்துட்டீங்களே. எந்த வருஷ மாடல் இது?" என்றபடி முன் சக்கரத்தின் பக்கத்தில் குந்தினார். சக்கரத்தின் அந்தப் பக்கமும் எட்டிப் பார்த்தார். "ஆமா, அறுநூறுன்னா முன்னாடி ரெண்டு டிஸ்க் இருக்குமே. ஒண்ணுதானே இருக்கு?"

மற்றவர்களும் காப்பியோடு வந்து சூழ்ந்தார்கள். வண்டிக் கடைக்காரர் விழுந்தடித்துக்கொண்டு முன்னால் வந்தார். "அது வந்து... இந்த மாடல்ல... சில நாட்டுக்கு..."

மாஸ்டர் குனிந்து லிட்டரைப் பார்த்தார். குந்தியிருந்ததில் லிட்டரின் காலர் பின்னால் மடங்கி, லேபிள் வெளியே எட்டிப் பார்த்தது. 34. அதன் மூலைகள் அரை வட்டமாக இருந்தன. லிட்டரின் இடுப்பு நாற்பது. மாஸ்டரின் நோட்டில் இருக்கிறது, தேதியோடு. ஒரு வார்த்தை சொன்னால் போதும், எல்லோரும் வண்டியை மறந்துவிட்டு அதைப் பற்றிச் சிரிப்பார்கள்.

மாஸ்டர் கையை நீட்டி, ஒருவர் கண்ணிலும் படாமல், லேபிளை உள்ளே தள்ளிக் காலரைச் சரிசெய்தார். லிட்டர் பிடரியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு நிமிர்ந்தார்.

"கடைக்காரரை விடுங்க," என்றார் மாஸ்டர். "இது முந்நூறு."

சொல்லிவிட்டு ஆறின் ஓரத்தை நகத்தால் பிய்க்கப் பார்த்தார். வரவில்லை. மூலையே இல்லாத ஒன்றை எங்கே பிடித்துப் பிய்ப்பது? "யாராவது ஒரு கத்தி குடுங்களேன்," என்றார். ஒருவர் சாவிக்கொத்திலிருந்து சின்னக் கத்தியைக் கொடுத்தார். ஐந்து நிமிஷப் போராட்டத்துக்குப் பிறகு, அடியிலிருந்து ஒரு 3 வெளியே வந்தது.

"இன்னும் இருக்கு. ஸ்போர்ட்ஸ் பைக் ஓட்டத் தொடங்கி எனக்கு ரெண்டு வாரந்தான் ஆச்சு. அதுக்கு முன்னாடி ஓட்டினதெல்லாம் கடையில இருக்கிற மரக்குதிரைதான்."

யாருக்கோ காப்பி புரையேறியது. அப்புறம் சிரிப்பு கிளம்பியது. மலையில் எதிரொலித்து இரண்டாம் தடவையும் கேட்டது. மாஸ்டர் தலையைக் குனிந்துகொண்டு நின்றார். லிட்டர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, தன் முழங்கையை மடக்கி மடக்கிப் பார்த்தார். ஒரு சுருக்கம் இல்லை.

"மரக்குதிரையில உட்காந்து பாத்தே இப்படித் தைச்சீங்களா?"

"ஆமா."

"சாவியக் குடுங்க மாஸ்டர்."

மாஸ்டர் கொடுத்தார். லிட்டர் சிவப்பு வண்டியில் ஏறி வளைவில் மறைந்தார். பத்து நிமிஷமாகியும் வரவில்லை. இருபது நிமிஷம் கழித்துத்தான் வந்தார். முகம் முழுக்கப் பல்.

"கைப்பிடிய முழுசா முறுக்கினேன் மாஸ்டர், கடைசி வரைக்கும்!" என்றார். பிறகு பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்தினார். "என் வண்டியில நாலு வருஷமா அதப் பாதிகூட முறுக்கினதில்ல. பயம். யார்கிட்டயும் சொல்லிடாதீங்க."

"நோட்டுல எழுத மாட்டேன்," என்றார் மாஸ்டர்.

திங்கட்கிழமை கடை திறந்ததும் முதல் ஆளாக லிட்டர் வந்தார், புது சூட் தைக்க. மாஸ்டர் அவரை மரக்குதிரையில் ஏற்றி அளவெடுத்தார். டேப் நாற்பத்தொன்று காட்டியது. மனைவி லேபிள் டப்பாவைத் திறந்தாள்.

"என்ன போடட்டும்?" என்றாள்.

லிட்டர் குழிந்த பலகையில் உட்கார்ந்தபடி கொஞ்ச நேரம் யோசித்தார். "உள்ளதையே போடுங்க," என்றார் கம்பீரமாக. மாஸ்டருக்கு மெய்சிலிர்த்துவிட்டது. மனைவி டப்பாவின் அடியிலிருந்து, இதுவரை யாரும் தொடாத ஒரு லேபிளை எடுத்து ஊதினாள்.

லிட்டர் இறங்கி, ஹெல்மெட்டை எடுத்துக்கொண்டு, வாசல் வரை போனார். அங்கே நின்றார். திரும்பி வந்தார்.

"மாஸ்டர், இப்போதைக்கு முப்பத்தாறுன்னு போடுங்க. படிப்படியா வருவோம்."